சிங்கப்பூரில் கை தூக்கிய ஸுஹைர்

ஸுஹைர் முதன்முதலில் ஒரு படகுப் போட்டியில் வென்றபோது அது போட்டி என்பதே அவருக்குத் தெரியாது. திருகோணமலைத் துறைமுகத்தில் நங்கூரமிடும் கப்பல்களுக்கு வாழைக்குலையும் முட்டையும் வள்ளத்தில் கொண்டுபோய் விற்பது அவருடைய வாப்பா பக்கீரின் தொழில். கப்பல் ஏணியை முதலில் தொட்டவனுக்குத்தான் வியாபாரம். பிந்திப் போனவன் முட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து தானே பொரித்துத் தின்ன வேண்டியதுதான்.

ஐம்பத்தோராம் ஆண்டு ஒரு காலை, பத்தொன்பது வயது ஸுஹைர் தனியாக வள்ளம் வலித்துப் போகும்போது, பிரித்தானியக் கடற்படையின் படகொன்று ஐந்தாறு பேரோடு பக்கத்தில் வந்தது. இவர்களும் முட்டை விற்கக் கிளம்பிவிட்டார்களோ என்று அவருக்குச் சந்தேகம். குனிந்து இழுத்தார். அவர்களைத் தாண்டிப் போகையில், இருந்தாலும் கேட்டுவைப்போமே என்று, “எக், சேர்?” என்று கூவினார். அவர்கள் நெடுநேரம் பயிற்சி எடுத்துக் களைத்துப்போய்த் திரும்பிக்கொண்டிருந்தவர்கள். இந்த விவரத்தைப் பிற்காலத்தில் கதை சொல்லும்போது ஸுஹைர் எப்போதும் விட்டுவிடுவார்.

கரையில் நின்று பார்த்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ஆளைக் கூப்பிட்டு, ஒருவர் மட்டும் இருந்து வலிக்கும் மெல்லிய போட்டிப் படகொன்றில் ஏற்றிப் பார்த்தார். முதல் நாள் முழுவதும் ஸுஹைர் படகில் இருந்ததைவிடத் தண்ணீரில் இருந்ததுதான் கூட. பக்கீர் வந்து அந்தப் படகைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“ஒரு வாழைக்குலை வைக்க இடமில்லாத வள்ளத்தில என்னடா இருக்கி?” என்றார்.

அதில் என்ன இருக்கிறது என்பது ஸுஹைருக்கு முதல் போட்டியிலேயே பிடிபட்டது. தண்டு வலிக்கிறவன் போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் இருக்கிறான். ஆகவே முன்னுக்குப் போகிறவனுக்குத் தோற்கிறவர்களின் முகங்கள் எல்லாம் பளிச்சென்று தெரியும். வேறெந்த விளையாட்டிலும் இந்த வசதி கிடையாது. ஸுஹைர் அந்த முகங்களைப் பார்த்துக் கதைக்கவும் தொடங்கினார். “அவசரமில்ல, ஆறுதலா வாங்க. நான் போய்த் தேத்தண்ணி போட்டு வெக்கன்.”

கொழும்பு ஏரியில் நடந்த தேசியப் போட்டிகளில் வருடா வருடம் அவரே வென்றார். அங்கே வலித்த கனவான்களுக்குத் தமிழ் தெரியாது. அவர் ஏதோ ஓதுகிறார் என்று நினைத்து மரியாதையோடு பின்தங்கினார்கள். சென்னைக்குப் போய் அங்கேயும் வென்று வந்தார். ஆனால் சென்னைக்காரர்களுக்கு அவர் கதைத்தது விளங்கிவிட்டதால், கரைக்கு வந்த பிறகு கொஞ்சம் ஓட வேண்டியிருந்தது. இதற்கிடையில் வெள்ளைக்காரர்கள் தளத்தை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறினார்கள். ஸுஹைருக்குத் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டும் வேலை கிடைத்தது. மூதூரில் றஹ்மாவைக் கலியாணம் முடித்தார்.

அறுபத்தோராம் ஆண்டு சிங்கப்பூருக்கு அழைப்பு வந்தது. ஆறு நாட்டு வீரர்கள். புறப்பட்டுக் கொஞ்ச தூரம் போவதற்குள் பெருமழை பிடித்துக்கொண்டது. தண்டின் நுனிகூடத் தெரியவில்லை. ஸுஹைர் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். மழை விட்டதும் கண்ணைத் திறந்து பார்த்தார். ஒரு முகமும் இல்லை. புறப்பட்ட இடம் வரைக்கும் வெறும் தண்ணீர்.

‘அல்லாஹ், எல்லாரும் கவிழ்ந்து போனாங்களா!’ என்று முதலில் பதறினார். மீட்புப் படகு எதுவும் ஓடவில்லை என்று கண்டதும், தான் அவ்வளவு தூரம் முந்திவிட்டேன் என்று முடிவுகட்டினார். கரையில் சனம் ஆரவாரித்தது. இனி எதற்கு அவதி என்று தண்டை நிறுத்தி, இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். ஆரவாரம் இன்னும் கூடியது. திரும்பவும் தூக்கினார்.

மற்ற ஐவரும் எப்போதோ போய்ச் சேர்ந்து, துவாயால் தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள்.

பல்லெல்லாம் தெரிய அவர் கை தூக்கி நிற்கும் படத்தைப் பத்திரிகைகள் பெரிதாகப் போட்டன. ஊருக்கு அவர் வந்து சேர்வதற்குள் படம் வந்துவிட்டது. சந்தையில் மீன் வெட்டுகிறவன் முதல் பள்ளிப் பிள்ளைகள் வரை அவரைக் கண்டதும் கை தூக்கினார்கள். இழுவைப் படகில் போனால் கப்பல்காரர்களும் தூக்கினார்கள். தோற்றது அவருக்குப் பெரிதில்லை. சந்தோஷப்பட்டதுதான் சுட்டது. வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததில்லை. அந்தச் சந்தோஷத்துக்குக் கீழே தரையே இருக்கவில்லை. போட்டிப் படகைக் கவிழ்த்துப் போட்டார். ஒரு வருடம் தண்டைத் தொடவில்லை.

றஹ்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள். “கை தூக்கினதுக்கு ஒரு வருசம் மூஞ்சத் தூக்கிட்டு இருக்கணுமா? படம் நல்லாத்தானே வந்திருக்கி. நம்மட கலியாணப் படத்துல இவ்வளவு சிரிக்கல்ல நீங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பவும் வலித்தார், இன்னும் சில வருடம் வென்றார். ஆனால் பின்னால் வருகிறவர்களோடு கதைப்பதை விட்டுவிட்டார்.

எழுபத்தெட்டில், வெளிநாட்டுக் கம்பனிகளுக்கு நாடு கதவைத் திறந்துவிட்ட கையோடு, எங்கு பார்த்தாலும் ஆலோசகர்கள் முளைத்தார்கள். ஸுஹைரும் அப்படியே ஒரு பெயர் அட்டை அடித்துக்கொண்டார்: ‘படகுப் போட்டிப் பயிற்சி ஆலோசகர்.’

“ஆலோசகர் எண்டா என்ன?” என்று றஹ்மா கேட்டாள்.

“வேலை செய்யாம வேலை சொல்றவர்.”

“அப்ப கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து நீங்க ஆலோசகர்தானே.”

கொழும்புக் கம்பனி ஒன்று தன்னுடைய படகு அணி ஏன் தோற்கிறது என்று பார்த்துச் சொல்ல அவரை அழைத்தது. படகில் நான்கு பேர். கரையில் அவர்களுக்குப் புத்தி சொல்ல ஏழு பேர். ஸுஹைர் தன் அறிக்கையில், ஆலோசனை சொல்கிறவர்கள் கூடிப்போனார்கள், குறைக்க வேண்டும் என்று எழுதினார். கம்பனி அதை உடனே ஏற்று ஒருவரைக் குறைத்தது. ஸுஹைர் அன்றைக்கே ரயிலேறினார்.

எண்பத்தோராம் ஆண்டு மாசி மாதம், சல்லி என்ற கரையோர ஊரிலிருந்து சிவகுரு சைக்கிளில் பெரிய பாரைமீனொன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். சித்திரை வருடப்பிறப்புக்குக் கொட்டியாரக் குடாவில் சல்லி வள்ளமும் மூதூர் வள்ளமும் போட்டிக்கு ஓடும். சல்லி வள்ளத்துக்குச் சுக்கான் பிடிப்பவர் சிவகுரு. நாலு வருடமாகத் தோல்வி.

“நீங்கள்தான் ஒரு வழி சொல்லவேணும், ஐயா.”

மீன் குசினிக்குப் போனது. சிவகுரு போனதும் றஹ்மா வெளியே வந்தாள். மூதூர் வள்ளத்துக்குத் தலைவன் அவளுடைய தம்பி தாஹிர்.

“என்ட தம்பியத் தோக்கடிக்கவா போறீங்க?”

“தொழில் எண்டா தொழில்தான்.”

“அப்ப மீனையும் தொழில்காரரே ஆக்குங்க.”

ஸுஹைர் அந்த மீனை ஆக்கிய விதத்தைப் பற்றிப் பேசாமல் விடுவதே நல்லது.

சல்லிக் கரையில் நின்று பார்த்ததுமே அவருக்கு விஷயம் விளங்கியது. பலசாலிகள் எல்லாரும் வலப்பக்கம் இருந்தார்கள். வள்ளம் இடப்பக்கம் இழுபட்டுப் போக, சிவகுரு ஓயாமல் சுக்கானைத் திருப்பித் திருப்பி அதை நேராக்கினார். திருப்புகிற ஒவ்வொரு தடவையும் வேகம் செத்தது. எல்லாரிலும் பலசாலி கோணாமலை. அவனை இடப்பக்கம் வரச் சொன்னார்.

“ஏலாது. அப்பா இருந்த இடம் இது,” என்றான் கோணாமலை. பிறகு இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான். “சிங்கப்பூர் ஆலோசனை எனக்கு வேண்டாம்.” வள்ளமே சிரித்தது.

ஸுஹைரும் தன் கைகளைத் தூக்கிக் காட்டினார். “ஓம், நான் கடைசியா வந்தனான். ரெண்டு வள்ளம் ஓடுற போட்டியில ரெண்டாவதா வாற நீங்களும் கடைசிதான். ஆனா நான் ஒருக்காத்தான் வந்தனான்; நீங்க நாலு தரம். அப்ப எனக்குக் கொஞ்சம் கூடுதலா விளங்கும், இல்லையா?”

சிவகுருவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கோணாமலை முணுமுணுத்துக்கொண்டே இடப்பக்கம் மாறினான்.

போட்டியன்று றஹ்மா மூதூர்ச் சனத்தோடு நின்றாள். ஸுஹைர் கடற்கரையில் தன்னந்தனியாக நின்றார். இரண்டு வள்ளங்களும் நெடுந்தூரம் சமமாகவே வந்தன. கடைசியில் சல்லி வள்ளம் அம்பு போல நேராக வந்து அரை வள்ளத்தால் முந்தியது. ஸுஹைர் கத்தவில்லை. எதிர்ப்பக்கம் மனைவி நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு, சல்லிக்காரர்கள் தன்னைத் தோளில் தூக்க ஓடிவருவதற்குள் வீட்டுக்குப் போகும் லோஞ்சில் ஏறினார்.

றஹ்மா ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு தாஹிர் வந்து கதிரையில் இருந்தான். வெகுநேரம் மழையைப் பற்றிக் கதைத்தான். பிறகு, “மச்சான், வாற வருசம் எங்கட வள்ளத்தையும் ஒருக்காப் பாருங்களன்,” என்றான்.

“சிவகுருக்கிட்டச் சொல்லிப்போட்டுத்தான் வருவன்.”

சிவகுரு மறுக்கவில்லை. “ரெண்டு பக்கமும் பாருங்கோ. அப்பத்தான் போட்டி,” என்றார்.

அடுத்த வருடம் ஸுஹைர் காலையில் சல்லியிலும் பின்னேரம் மூதூரிலும் நின்றார். இந்த ஊரில் சொன்னதை அந்த ஊரில் சொல்லவில்லை. அது அவருக்குப் பெரிய சித்திரவதையாக இருந்தது. போட்டியில் மூதூர் ஒரு முழத்தால் வென்றது. வென்றவர்களும் தோற்றவர்களும் அன்று அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். யாரையும் நோகடிக்கக் கூடாது என்று இரண்டு இடத்திலும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, வீட்டில் படுத்தபடுக்கையாகக் கிடந்தார். றஹ்மா இஞ்சிக் கோப்பி வைத்துக் கொடுத்தாள். தம்பி வென்றதில் அவள் முகம் நன்றாகத்தான் இருந்தது.