அப்பளத்துக்கு வைத்த அறை

அந்த மனிதரை எனக்கு இன்றைக்கும் கண்டால் ஆகாது. கல்லிடைக்குறிச்சியில் ஊர்ப் பிள்ளைகள் சறுக்கி விளையாட ஒரு பனிக்கூடம் கட்டினோம். அவர் கமிட்டித் தலைவர். வரைபடம் போட்டவள் நான். இந்த வெயிலில் பனிக்கட்டியா என்று ஊரே சிரித்தது. நான் மீன் கிடங்குகளுக்குக் குளிர்பதன வேலை பார்த்தவள். குறைந்த மின்சாரத்தில் முடியும் என்று எனக்குத் தெரியும்.

கிடைத்த இடம், அப்பளம் போட்டுப் பிழைக்கும் பெண்கள் காயவைக்கும் களம். அவர்களிடம் பேசப் போனதும் நான்தான். பனியை உறைய வைக்கும் இயந்திரம் தரையிலிருந்து சூட்டை இழுத்து வெளியே தள்ளும். அந்தச் சூட்டை வீணாக்காமல் பின்பக்க அறைக்குக் கொண்டுவந்து, அப்பளத் தட்டுகளின் மேல் ஓடவிட்டுக் கூரை வழியே வெளியேற்றுவேன் என்றேன்.

அவர்களில் வாய்த்துடுக்கான ஓர் அக்கா கேட்டாள்: "நெசமாத்தான் சொல்லுதியா? அடமழையிலயும் காயுமா?"

"காயும்க்கா. நான் பொறுப்பு."

களத்தை விட்டுக்கொடுத்தார்கள்.

வேலை முடிகிற தறுவாயில் தலைவர் அந்த அறையைப் பார்த்துவிட்டார். எங்கள் பக்கத்தில், வந்த விருந்தாளி உட்கார நாற்காலி இல்லையென்றால் கல்யாணமே கெட்டுப்போன மாதிரி பேசுவார்கள். அவருக்கும் அதே கவலை.

"எம்மா, இது விருந்தாளி அறையா இருக்கட்டும். அப்பளத்த வேற எங்கனயாவது போட்டுக்கிடட்டும்."

"அண்ணாச்சி, மெஷின் சூடு முழுக்க இங்கனதான் வருது. உக்காருதவங்க வெந்துருவாங்க."

"ஏசி ஒண்ணு மாட்டிட்டாப் போச்சு. இதெல்லாம் ஒரு விசயமா?"

மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் கட்டிய கூடத்தில், சூட்டுக் குழாய்க்கு எதிரே ஏசி. இது ஆகாது என்று எழுதிக் கொடுத்தேன், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எக்கேடும் கெட்டுப் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். கோபம் என்று அப்போது நினைத்தேன். கோழைத்தனம்தான்.

திறப்பு விழா அன்று பிள்ளைகள் கூடத்தில் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு நடுங்கியபடி சறுக்கினார்கள். பின்னறைச் சோபாவில் பெரிய மனிதர்களுக்குப் பட்டுச்சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒருவர் நெற்றிச் சந்தனம் கரைந்து மூக்கில் இறங்கியது. ஏசி முக்கி முனகி நின்றுபோனது. எனக்கு வயிறு குளிர்ந்தது, மறைப்பானேன். இனி அறை அந்தப் பெண்களுக்குத்தான் என்று நம்பினேன்.

அவர் அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்.

"இப்பம் இவளுவளுக்குத் தொறந்து விட்டா, எனக்கு ஒண்ணும் தெரியலன்னுல்லா ஊரு சொல்லும்."

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சாவி கேட்டு நான் நடந்ததுதான் மிச்சம். ஒருநாள் அந்த அறைக்கு வெளியே, கூரைச் சாரலுக்கு ஒதுங்கி, அக்கா கூடையோடு நின்றாள். கூடையில் பாதி அப்பளம் பூசணம் பிடித்திருந்தது. என்னை ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசவில்லை.

"உள்ள அனலா அடிக்குங்காவ. செவத்தோரமாவது பரத்தி வைக்கட்டா?"

உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தாள். பிறகு என் கையையும் பிடித்துப் பக்கத்தில் வைத்தாள். சுவர் சில்லென்றிருந்தது. துளிச் சூடுகூட வெளியே கசியக் கூடாது என்று ஆட்களை விரட்டி விரட்டி அங்கே இரட்டைச் சுவர் எழுப்ப வைத்தவள் நான்.