ஐந்தாவது செட், இரண்டுக்கு இரண்டு

என் அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தொரு வருஷமாக அதே வேலை. ஆனால் அத்தானைப் பற்றி யாராவது கேட்டால் லிஃப்டைச் சொல்லமாட்டேன், டென்னிஸைத்தான் சொல்வேன். மட்டையைக் கையால் தொட்டவர் இல்லை. டிவி முன்னால் உட்கார்ந்து பார்க்கிறவர். அதிலும் களிமண் தரை ஆட்டம் மட்டும்தான் அவருக்கு டென்னிஸ்.

"புல் தரையில ஆடறதெல்லாம் ஒரு ஆட்டமா? ஓங்கி ஒரு சர்வீஸ் போட்டா முடிஞ்சு போச்சு. களிமண்ணுல பந்து மெதுவாகும், எழும்பி வரும், அடிச்சதெல்லாம் திரும்பி வரும். ஒரே பாயிண்ட்டை நாலு தடவை ஜெயிக்கணும். பலசாலி திணறிடுவான். பிடிவாதக்காரன் நிப்பான்" என்பார். அது களிமண்கூடக் கிடையாதாம், இடித்த செங்கல் பொடியாம். இந்தத் தகவலை என்னிடம் குறைந்தது நாற்பது முறை சொல்லியிருக்கிறார்.

நான் குடிநீர் வாரியத்தில் புகார்ப் பிரிவில் இருக்கிறேன். பகல் முழுக்க ஊர் ஜனங்களிடம் ஃபோனில் வாங்கிக் கட்டிக்கொள்கிறவள். அதனாலோ என்னவோ, வெளியே வந்தால் என் வாய் சும்மா இருக்காது. "செங்கல் பொடியில புரண்டு எந்திரிக்கிறவங்களைப் பாக்க லீவு போடற ஒரே ஆளு நீங்கதான் அத்தான்" என்பேன். அவர் சிரிப்பார். என்னிடம் அவருக்கு எப்போதும் கொஞ்சம் பயம் உண்டு. அதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது.

அவர் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அக்காவுக்கு அவரைவிடப் பைத்தியம் முற்றிப்போயிருந்தது. குழந்தை இல்லாத வீடு. இரண்டு பேரும் ஒரு சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, ஆட்டக்காரர்களுக்குப் பட்டப்பெயர் வைத்துக்கொண்டு, உலகத்தில் வேறு கவலையே இல்லாத மாதிரி பார்ப்பார்கள். நெட்டையாக நின்று சர்வீஸ் போடுகிறவன் கொக்கு. ஒவ்வொரு அடிக்கும் கத்துகிறவன் பிரசவ வார்டு. இவர்களுடைய செல்லப்பிள்ளை மூக்கன். அவன் மூக்கைப் பார்த்தால் நீங்களும் அந்தப் பெயர்தான் வைத்திருப்பீர்கள்.

மூக்கன் பெரிய ஆட்டக்காரன் இல்லை. முதல் ஐம்பது பேருக்குள் வந்ததே கிடையாது. வருஷத்தில் இரண்டு மாதம், களிமண் போட்டிகள் நடக்கிறபோது மட்டும் நாலு பேருக்கு அவன் பெயர் தெரியும். அவனைப் பிடித்தது அக்காதான். களிமண்ணில் பந்து விழுந்தால் தடம் பதியும். ஒருமுறை எதிராளி அடித்த பந்து வெளியே என்று கோட்டு நடுவர் கத்திவிட்டார். மூக்கன் தானே போய்க் குனிந்து தடத்தைப் பார்த்தான், கோட்டைத் தொட்டிருந்தது. ஷூவால் அழித்துவிட்டு, பாயிண்ட் எதிராளிக்குத்தான் என்று கையைக் காட்டினான். அந்த ஆட்டத்தில் தோற்றும் போனான். அன்றிலிருந்து அக்கா அவன் கட்சி, அக்கா கட்சிதான் அத்தான் கட்சி.

அடுத்த வருஷம்தான் அந்தச் சனியன் பிடித்தது. மூக்கன் தோற்கிற நிலையில் இருந்தபோது அக்கா துணி எடுக்க பால்கனிக்குப் போனாள். அந்த நேரத்தில் மூன்று மேட்ச் பாயிண்ட்டைக் காப்பாற்றி ஜெயித்துவிட்டான். அதற்கப்புறமும் இரண்டு தடவை அப்படியே நடந்தது. பிறகு அது சட்டமாகிவிட்டது. மூக்கன் திணறினால் அக்கா எழுந்து சமையலறைக்குப் போகவேண்டும். கதவைச் சாத்திக்கொள்ளவேண்டும். அவள் ஸ்கோர் கேட்கக்கூடாது, அவர் சொல்லக்கூடாது, ஆட்டம் முடிகிறவரை ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடவே கூடாது. இதற்கு அக்கா முழு மனதோடு சம்மதித்தாள். அதனால் மூக்கன் ஜெயித்த நல்ல ஆட்டங்களில் ஒன்றைக்கூட அவள் கண்ணால் பார்த்ததில்லை. தோற்ற ஆட்டங்களை மட்டும் கடைசிவரை பார்த்திருக்கிறாள்.

"படிச்சவங்க மாதிரியா நடந்துக்கறீங்க ரெண்டு பேரும்?" என்று நான் கேட்டேன்.

"உனக்கு என்னடி தெரியும்? அவன் ஜெயிக்கணும்னா நான் சமையல்கட்டுல குடித்தனமே நடத்துவேன்" என்றாள் அக்கா.

போன வருஷம் பெரிய போட்டியின் நாலாவது சுற்றுக்கு மூக்கன் வந்துவிட்டான். வாழ்க்கையிலேயே முதல் தடவை. எதிரே கொக்கு. அத்தான் லீவு போட்டார். மதியம் மூன்று மணிக்கு ஆட்டம் ஆரம்பித்தது. முதல் செட் போய்விட்டது. இரண்டாவதிலும் மூக்கன் பின்தங்கினான். நாலு பத்துக்கு அக்கா தானாகவே எழுந்து, "நான் போறேன், நீங்க பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூக்கன் அந்த செட்டை ஜெயித்தான், மூன்றாவதைக் கோட்டைவிட்டான், நாலாவதைப் பிடுங்கிக்கொண்டான். ஐந்தாவது செட் ஏழுக்கு ஐந்து என்று முடிந்தபோது மணி எட்டு பத்து. அத்தான் கத்திக்கொண்டே ஓடிப்போய்க் கதவைத் திறந்தார்.

அக்கா தரையில் கிடந்தாள். ஸ்டூல் ஒரு பக்கம், உரித்த பட்டாணி அறை முழுக்க. கண் திறந்திருந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

ஆம்புலன்ஸில் வந்தவர்கள் கேட்டதற்கு அவருக்கு நாக்கே எழவில்லையாம். அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது பக்கத்து வீட்டார் ஃபோனில் சொன்னதைக் கேட்டு நான் முன்னாலேயே வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அக்காவை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு நர்ஸ் எங்களை நடையில் உட்காரச் சொன்னாள். அத்தான் பனியனோடு வந்திருந்தார், காலில் செருப்பு இல்லை. நடந்ததைத் திக்கித் திக்கிச் சொன்னார். மூக்கன் பேர் வந்ததும் எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"மேட்ச்சா? அவ உள்ள விழுந்து கிடக்கறா, நீங்க மேட்ச் பாத்தீங்களா? ஒரு சத்தம்கூடவா கேக்கல?"

அவர் பனியன் நுனியைப் பிடித்துத் திருகினார்.

"கேட்டும் உக்காந்திருந்தீங்கன்னா நீங்க மனுஷனே இல்ல. சொல்லுங்க, கேட்டுச்சா இல்லையா?"

"இல்லம்மா. எதுவும் கேக்கல."

பத்து நிமிஷம் போயிருக்கும். ஒரு இளம் டாக்டர் வேகமாக வந்தார். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு, அதைக் கரைக்க ஊசி இருக்கிறது, ஆனால் ஆரம்பித்து நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும், நேரம் தாண்டினால் அந்த மருந்தாலேயே மூளையில் ரத்தம் கசிந்துவிடும் என்றார்.

"எத்தனை மணிக்கு விழுந்தாங்க?"

"தெரியல சார்."

"கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க?"

"நாலு பத்துக்கு உள்ள போனா."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது மணி. "நடுவுல ஏதாவது? பேசினாங்களா, நடமாடுற சத்தம், பாத்திரம் உருட்டற சத்தம், எதாவது கேட்டுச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அத்தான் என்னைப் பார்த்தார். "இல்ல சார்" என்றார்.

டாக்டர் இன்னொரு முறை கேட்டார். அதே பதில். அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். ஊசி போடவில்லை.

அக்கா பிழைத்தாள். வலது கையும் காலும் போய்விட்டன, பேச்சும் போய்விட்டது. சொன்னது புரிகிறதா என்று டாக்டர்களாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் கழித்து மூக்கன் காலிறுதியில் மூன்றே செட்டில் தோற்றான் என்று பேப்பரில் கண்ணில் பட்டது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அத்தான் பகலுக்கு ஒரு ஆயாவை வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினார். காலையும் மாலையும் அக்காவைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தலை வாரிவிடுவது எல்லாம் அவர்தான். நான் ஞாயிற்றுக்கிழமை தோறும் போவேன். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காது. ஆனாலும் ஏதாவது சொல்லிவிட்டுத்தான் வருவேன். அன்றைய கோபம் எனக்குத் தீரவே இல்லை.

எட்டு மாதம் கழித்து எங்கள் ஆபீஸ் லிஃப்ட் மக்கர் பண்ணியது. பார்க்க வந்தவர் அத்தான். ஆறாவது மாடியில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தடுப்பு போட்டுவிட்டு, தரையில் சப்பணம் கட்டி உட்கார்ந்தார். உதவியாளை மேலே மோட்டார் அறைக்கு அனுப்பி ஓட்டச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டே விநாடி. "மோட்டார்ல ஒண்ணும் இல்ல. மூணாவது மாடிக் கதவுல ஒரு ரோலர் தேஞ்சிருக்கு" என்றார். போய்ப் பார்த்தார்கள். மூன்றாவது மாடிதான்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். நடையில் நானும் அவரும் மட்டும். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"அடேயப்பா, மூணு மாடி தள்ளி தேயற ரோலர் கேக்குது. அன்னிக்குப் பக்கத்து ரூம்ல ஸ்டூலோட விழுந்தவ மட்டும் கேக்கல."

எப்போதும் குத்துகிற குத்துதான். வேறொன்றும் நினைத்துச் சொல்லவில்லை. அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"கேட்டுச்சு" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"அஞ்சாவது செட்டு, ரெண்டுக்கு ரெண்டு. மணி ஏழு இருபது. அதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி அவ குழாயைத் திறந்து பட்டாணி கழுவினா, பாத்திரத்தை எடுத்து வெச்சா, அதுவும் கேட்டுச்சு. அப்புறம் பொத்துனு ஒரு சத்தம். மூக்கன் ரெண்டு பிரேக் பாயிண்ட்ல மாட்டிட்டு இருந்தான். ஸ்டூலைத் தள்ளிட்டாள்னு நினைச்சேன். 'உஷ்'னு அதட்டினேன். அவகிட்டேருந்து சத்தமே இல்ல. சமத்தா இருக்காள்னு நினைச்சுக்கிட்டேன்."

ஏழு இருபதிலிருந்து ஒன்பது. ஒரு மணி நாற்பது நிமிஷம். விரல் விட்டு எண்ணத் தேவையே இல்லாத கணக்கு.

"டாக்டர் ரெண்டு தடவை கேட்டாரே அத்தான்! ஊசி போட்டிருப்பாங்களே! அவர்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் என்னைப் பார்க்காமல், எந்தக் கோபமும் இல்லாமல் சொன்னார்.

"சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனா அவருக்கு முன்னாடி நீ கேட்டுட்டே. உன்கிட்ட இல்லன்னு சொல்லிட்டேன். நீ பக்கத்துலயே நின்னுட்டிருந்தே."

உதவியாள் மேலிருந்து, "அண்ணே, ஓட்டவா?" என்று கத்தினான். "ஓட்டு" என்று அத்தான் எழுந்து போனார்.

அந்த ஊசி எல்லோருக்கும் வேலை செய்வதில்லை என்று பிறகு எங்கேயோ படித்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு சில நாள் தூங்கவும் செய்தேன். இப்போது அதுவும் உதவுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை போகிறேன். அத்தான் நாற்காலியை இழுத்துப் போடுகிறார். அக்கா என் முகத்தையே பார்க்கிறாள். நான் யாரையும் எதுவும் சொல்வதில்லை. அன்றைக்கு ஒரு பத்து நிமிஷம் நான் இப்படி இருந்திருந்தால், அவள் இன்று என்னிடம் ஏதாவது பேசிக்கொண்டிருப்பாள்.