சாருக்கு ஒரு என்.ஓ.சி.

போன வாரம் நானும் என் வீட்டுக்காரரும் ஷார்ஜா ரோலாவில் இருக்கும் டைப்பிங் சென்டருக்குப் போயிருந்தோம். விசா, லைசென்ஸ், வாடகை ஒப்பந்தம்... இங்கே எந்த வேலையாக இருந்தாலும் முதல் படி இந்த மாதிரிக் கடைதான். கண்ணாடிக் கதவு, ஒரு ஜெராக்ஸ் மெஷின், அதன் பின்னால் பஷீர்க்கா. மலப்புரத்துக்காரர். பன்னிரண்டு வருஷமாக எங்கள் வீட்டுப் பேப்பர்கள் எல்லாம் அவர் கை பட்டுத்தான் போயிருக்கின்றன.

"ஒரு என்.ஓ.சி. லெட்டர் வேணும், இக்கா" என்றார் என் வீட்டுக்காரர்.

பஷீர்க்கா மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. நாலு தட்டு தட்டினார். பிரிண்டர் முனகியது. லெட்டர் வந்து விழுந்தது. 'என் மனைவி வேலைக்குப் போவதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை.' கீழே கையெழுத்துப் போடும் இடத்தில் சரவணன் என்று என் வீட்டுக்காரர் பெயர். பேனாவை அவரிடம் நீட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மேடத்துக்குப் புதிய ஜோலி கிட்டியோ?"

என் வீட்டுக்காரர் பேனாவை வாங்கவில்லை. "இக்கா... வேலை எனக்கு. கையெழுத்து அவ போடணும்."

பஷீர்க்கா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேப்பரைப் பார்த்தார்.

விஷயம் இதுதான்.

சில மாதங்களுக்கு முன்னால் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கட்டுமானக் கம்பெனி ப்ராஜெக்ட்டை மூடியது. இன்ஜினியர்களில் பாதிப் பேர் வீட்டுக்கு. அவரும் அதில் ஒருவர். வேலை போனால் விசா போகும், அது எல்லோருக்கும் தெரியும். ஊரில் இருக்கும் வாசகர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு: அவர் விசா போனால் என் விசாவும் போகும், ப்ளஸ் டூ படிக்கும் எங்கள் மகள் தாரிணியின் விசாவும் போகும்.

'நீதான் வேலைக்குப் போகிறாயே, உனக்கென்ன?' என்று கேட்பீர்கள். போகிறேன். பன்னிரண்டு வருஷமாக ஒரு ஷிப்பிங் ஆபீசில் டாக்குமெண்ட் பார்க்கிறேன். ஆனால் நான் இந்த நாட்டில் இருப்பது என் வேலையால் அல்ல — அவர் மனைவி என்பதால். இங்கே வேலை விளம்பரங்களிலேயே போடுவார்கள்: 'ஹஸ்பண்ட் விசாவில் இருப்பவர்களுக்கு முன்னுரிமை.' ஏன்? கம்பெனிக்கு விசா செலவு மிச்சம். என்னைப் போலப் பல பேர் அப்படித்தான் வேலைக்குச் சேர்ந்தோம். யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை. எனக்கும்தான்.

வேறு வேலை தேடிக்கொள்ள அரசாங்கம் கொஞ்சம் அவகாசம் கொடுத்தது. அது கரைந்துகொண்டே வந்தது. ஒரு சாயங்காலம் அவர் அட்டைப் பெட்டிகளோடு வந்தார். "ஊருக்கே போயிருவோம். மதுரையில ஏதாவது பாத்துக்கலாம்."

தாரிணி பெட்டிகளைப் பார்த்தாள். "அப்பா, பாதி வருஷத்துல எந்த ஸ்கூல்லப்பா என்னைச் சேப்பாங்க? போர்ட் எக்ஸாம் யார் எழுதுவா? நோபடி இஸ் ஆஸ்கிங் மீ."

அழுதிருந்தால்கூடச் சமாதானம் சொல்லியிருப்போம். அவள் அழவில்லை, கேள்விதான் கேட்டாள்.

நான் சொன்னேன்: "நான் கம்பெனி விசாவுக்கு மாறிக்கிறேன். அப்புறம் உங்க ரெண்டு பேருக்கும் நானே ஸ்பான்சர் பண்றேன்."

"அது சரிப்படாது."

"ஏன், ரூல் இருக்குல்ல?"

"ரூலு இருக்கு. ஊர்ல என்ன சொல்வாங்க?"

"பன்னெண்டு வருஷமா நான் உங்க விசாவுல இருந்தேனே... அப்ப ஊர்ல என்ன சொன்னாங்க?"

அவர் பெட்டிகளைப் பிரிக்கவும் இல்லை, நிரப்பவும் இல்லை. சுவரோரமாகச் சாத்தி வைத்தார். அது பாதிச் சம்மதம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் காலை மேனேஜர் அறைக்குப் போனேன். எகிப்துக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் செலவு என்றால் காது கேட்காது. உங்களை எடுத்ததே ஹஸ்பண்ட் விசா இருந்ததால்தானே, இப்போது கம்பெனி விசா என்றால் எப்படி என்றார். யோசிக்கலாம், அடுத்த மாதம் பேசலாம் என்றார். அடுத்த மாதம் நான் இந்த நாட்டிலேயே இருக்க மாட்டேன் சார் என்றேன். சாப்பிடப் போக வேண்டும் என்று எழுந்தார். போய்ட்டு வாங்க சார் என்றேன்.

அவர் சாப்பிட்டுவிட்டு வந்தபோதும் நான் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அவர் முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வேலையும் போச்சு, வீடும் போச்சு. ஆனாலும் எழுந்திருக்க மனசு வரவில்லை. நான் எழுந்தால் என் பெண்ணின் பரீட்சையும் என்னோடு எழுந்து வெளியே வந்துவிடும் என்று தோன்றியது.

"யல்லா மேடம்... கலாஸ்" என்று பெருமூச்சு விட்டு, ஹெச்.ஆருக்கு போன் போட்டார்.

கலாஸ் என்றால் இங்கே 'முடிந்தது' என்று அர்த்தம். எனக்கு அங்கேதான் ஆரம்பித்தது.

என் விசா மாறியது. பிறகு மகளுக்கு, பிறகு அவருக்கு. மெடிக்கல், கைரேகை எல்லாம் ஆனது. இந்த முறை பேப்பர்களை எங்கள் ஆபீஸ்காரர்களே பார்த்துக்கொண்டதால் பஷீர்க்காவுக்கு எதுவும் தெரியாது. விசா மெசேஜ்கள் ஸ்பான்சர் நம்பருக்குத்தான் வரும். 'உங்கள் கணவரின் விசா அனுமதிக்கப்பட்டது' என்று என் போனுக்கு வந்தது. ஆபீஸ் பாத்ரூமில் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தேன்.

ஆனால் வீட்டில் ஒரு ஆள் சுருங்கிப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை பேட்மிண்டனுக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஏன் என்று எனக்குத் தெரியும். நம் ஆட்கள் இங்கே சந்தித்துக்கொண்டால் முதல் கேள்வி 'எந்த ஊரு?' அடுத்த கேள்வி 'எந்த விசா?' அந்த இரண்டாவது கேள்விக்கு பயந்து ஒரு மனுஷர் விளையாட்டையே விட்டுவிட்டார்.

திண்டுக்கல்லிலிருந்து மாமியார் போன் செய்தார். "ஏம்மா, எம்மகன் உன் தயவுலதான் இருக்கானாமே?"

"ஆமா அத்தை. நான் அவரு தயவுல இருந்தேன்ல, அதே மாதிரிதான். ஒண்ணும் வலிக்காது."

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "அப்ப... உன் விசாவுல மாமியாருக்கும் இடம் இருக்குமா? அவங்கிட்ட கேட்டுக் கேட்டு நான் அலுத்துப் போனேன்" என்றார்.

ஆண் தாங்கினால் அது குடும்பம். பெண் தாங்கினால் அது செய்தி. அவ்வளவுதான் வித்தியாசம், இல்லையா?

பிறகுதான் என் வீட்டுக்காரருக்கு ஒரு இன்டர்வியூ வந்தது. சின்ன இன்டீரியர் கம்பெனி. முதலாளி ஒரு ஹிந்திக்காரர். எல்லாம் பேசி முடித்துவிட்டு, விசா எதில் இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். இவர் தலையைக் குனிந்துகொண்டு, ஒய்ஃப் ஸ்பான்சர் என்றிருக்கிறார்.

"அச்சா பாய், விசா செலவு மிச்சம். திங்கக்கிழமை வந்துடுங்க."

வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்து இதைச் சொன்னவர், தானே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். பல வாரங்களுக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன். "ஸ்பான்சர்கிட்ட என்.ஓ.சி. வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்றார். அன்று ராத்திரியே அட்டைப் பெட்டிகளை மடித்துக் குப்பைக்குக் கொண்டுபோனார்.

ஆக, டைப்பிங் சென்டர்.

பஷீர்க்கா பழைய லெட்டரைக் கிழித்துப் போட்டார். நாற்காலியை என் பக்கம் திருப்பி, முதலிலிருந்து அடித்தார். 'என் கணவர் வேலைக்குப் போவதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை.' நான் ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

"இப்படி ஒரு லெட்டர் இதுவரை நம்ம கையில இல்லாயிருன்னு" என்றார் பஷீர்க்கா. "சேவ் பண்ணி வைக்கட்டே? இனி வேற ஆளும் வரும். ஃபைலுக்கு என்ன பேர் வைக்கணும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"என் பேர்லயே வைங்க, இக்கா. சரவணன்னு. எவனாவது வந்து தயங்கி நின்னா, என் நம்பரைக் கொடுத்துப் பேசச் சொல்லுங்க."

எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை.