வியாழனின் நிலவில் எங்கள் கிணறு

மின்சாரம் நின்றுபோன அந்த வருடங்களில், இணுவிலில் வியாழனையும் சனியையும் பார்க்க விரும்பியவர்கள் என் மாமாவின் டியூட்டரிக்குத்தான் வரவேண்டும். அங்கே விஞ்ஞானம் படிப்பித்த அவர், விண்கலங்கள் அனுப்பிய படங்களைப் பழைய சஞ்சிகைகளிலிருந்து வெட்டி வாசல் பலகையில் ஒட்டிவைப்பார். சந்தைக்குப் போகிறவர்கள்கூடச் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி சனியின் வளையத்தைப் பற்றி விசாரித்துவிட்டுப் போவார்கள்.

எங்கள் சொந்த ஊர் வசாவிளான். இடம்பெயர்ந்து மாமா வீட்டில் இருந்தோம். ஊர் சைக்கிளில் போகக்கூடிய தூரம்தான். ஆனால் இடையில் இராணுவமும் கண்ணிவெடியும். வீடு நிற்கிறதா என்று சொல்ல ஒருவருமில்லை. ஒரு நாள் அம்மா அமைதியாக அறிவித்தார்:

"வாற வெள்ளிக்கிழமை போய் ஒருக்கா பாத்து, விளக்கும் கொளுத்திப்போட்டு வாறன்."

அப்படிப் போன அயலவர் இருவர் அதுவரை திரும்பியிருக்கவில்லை. மாமா எவ்வளவோ சொல்லியும் அம்மா கேட்கவில்லை.

வியாழக்கிழமை மாமா ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை அம்மாவின் கையில் கொடுத்தார்.

"அக்கா, உது மேலை இருந்து எடுத்தது. எங்கடை ஊர். ஒண்டும் மிஞ்சேல்லை."

எட்டிப் பார்த்தேன். குழிக்கு மேல் குழி. முதல்நாள் வரை வாசல் பலகையில் இருந்த படம்.

அம்மா அதை வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒரு குழியின்மேல் விரலை வைத்தார்.

"இது எங்கடை கிணறு, என்ன?"

"ஓம், ஓம்" என்றார் மாமா அவசரமாக.

எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, உது வியாழனைச் சுத்துற நிலா! மாமா உங்களைப் பேய்க்காட்டுறார்!"

மாமா நிலத்தைப் பார்த்தார்.

"தெரியும். சந்தைக்குப் போகேக்கை நானும் நிண்டு பாத்தனான். நீ வாயை மூடு" என்றார் அம்மா. பிறகு மாமாவிடம் திரும்பினார்.

"தம்பி, மாட்டுக்கொட்டிலும் போயிட்டுதே?"

மாமா இன்னொரு குழியைத் தொட்டார்.

"போயிட்டுது அக்கா."

வெள்ளிக்கிழமை அம்மா எங்கும் போகவில்லை. படத்தையும் திருப்பிக் கொடுக்கவில்லை. டியூட்டரிப் பலகையில் அந்த இடம் வெறுமையாகவே கிடந்தது. சரியான விடையைச் சொன்ன என்னை மட்டும் ஏன் ஒருவரும் மெச்சவில்லை என்பதுதான் அன்று எனக்கிருந்த ஒரே கவலை.