மேடைக்குத் தூக்கிவிடும் வேலை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படித்தது அஞ்சாவது வரைக்கும்தான். மறதியும் வந்துவிட்டது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் அறக்கட்டளைக்குப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் படிப்பதற்காகப் பழைய ஆட்கள் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று ஆபீஸில் சொன்னார்கள். நான் எழுத என்ன இருக்கிறது என்று பேசாமல் இருந்தேன். அப்புறம், இந்த ஒன்றையாவது சொல்லிவிட வேண்டும் என்று பட்டது.

1. என் வேலை

எனக்கு ஆயா வேலை. பெரிய அறக்கட்டளை என்பதால் காலையில் கேட்டைத் திறக்கும்போதே ஆட்கள் நிற்பார்கள். ஆஸ்பத்திரிச் செலவு, காலேஜ் ஃபீஸ், காது மெஷின் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தேவை. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பேன். உதவி கேட்டு வந்தவர்களுக்குப் பேச்சு வராது, எனக்கும் வராது. அதனால் ஒத்துப்போனது.

வருஷத்துக்கு ஒரு தடவை கல்யாண மண்டபத்தில் விழா நடக்கும். நடக்க முடியாதவர்களுக்கு வீல்சேரும் பேட்டரி வண்டியும் கொடுப்போம். அன்றைக்கு எனக்கும் சரசு என்ற இன்னொரு ஆயாவுக்கும் தனி வேலை. மண்டபத்து மேடைக்குப் படி உண்டு. வண்டி வாங்கும் பெண்களை நாங்கள் இரண்டு பேரும் தூக்கி மேடையேற்ற வேண்டும். சிறப்பு விருந்தினர் சாவியைக் கொடுப்பார், போட்டோ எடுப்பார்கள், மறுபடி தூக்கி இறக்குவோம். ஆண்களை வாலண்டியர்கள் தூக்குவார்கள். நடக்க முடியாதவர்களுக்கு வண்டி கொடுக்கும் விழாவைப் படிவைத்த மேடையில் எதற்கு நடத்துகிறோம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. எனக்கும்தான். இடுப்பு வலிக்குத் தைலம் மட்டும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வேன்.

2. கோமதி

ஒரு வருஷம் அந்த விழாவுக்கு அன்னூர்ப் பக்கத்திலிருந்து கோமதி தன் அப்பாவோடு வந்திருந்தாள். சின்ன வயதில் ஒரு பஸ் விபத்தில் இரண்டு காலும் செயலிழந்துவிட்டவள். பி.காம். முடித்து, சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த திங்கட்கிழமை சேர வேண்டும். பக்கத்திலேயே ஹாஸ்டலும் பார்த்திருந்தாள். பேட்டரி வண்டி இருந்தால் தானே போய் வரலாம். இல்லாவிட்டால் அந்த வேலை இல்லை.

மைக்கில் பெயர் கூப்பிட்டதும் நானும் சரசுவும் கையை நீட்டிக்கொண்டு போனோம்.

"ஏனுங்க, என்னையத் தூக்காதீங்க" என்றாள்.

"பயப்படாதே அம்மணி, கீழ போட்ற மாட்டோம்" என்று சரசு சிரித்தாள். "மில்லுல பஞ்சு மூட்டை தூக்கிப் பழகின கை இது."

"அதுக்குத்தானுங்க வேண்டாங்கறேன். நான் மூட்டை இல்லீங்களே."

அவள் அப்பா குனிந்து, "ஒரு நிமிசந்தானே கண்ணு. இத்தன பேரு பாக்கறாங்க" என்று கெஞ்சினார்.

"பாக்கறாங்கன்னுதானுங்கப்பா வேண்டாங்கறேன். ஊட்ல நீங்க தூக்கறப்ப நான் ஏதாச்சும் சொன்னனா?"

மேனேஜர் சார் ஓடி வந்தார். "மேடைல வாங்கினாத்தாம்மா போட்டோ. போட்டோ இல்லாம, பணம் குடுக்கற டோனருக்கு நான் என்னத்த அனுப்பறது? வரலைன்னா உன்ற பேரை அடுத்த வருசத்துக்குத்தான் மாத்தோணும்."

கோமதியின் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "வண்டி குடுக்கறீங்க. அந்த வண்டி மேடை ஏற வழி வெக்கலீங்களே சார்?"

அவர் என் பக்கம் திரும்பினார். "ஆயா, தூக்குங்க. நேரமாச்சு."

அவர் சொன்ன எதையும் நான் அதுவரை மறுத்ததில்லை. அன்றைக்கு முதல்முறையாகச் சொன்னேன். "மாட்டேனுங்க சார். புள்ள வேண்டாங்குதுங்க."

"என்னக்கா, வேலைய உட்டுப்போடலாம்னு வந்தயா?" என்று சரசு என் காதில் சொன்னாள். சார் வாலண்டியர் இரண்டு பேரைக் கூப்பிட்டார். நான் கோமதியின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். அங்கிருந்து நகரவில்லை.

3. பெரியம்மா

அறக்கட்டளைத் தலைவியைப் பெரியம்மா என்றுதான் எல்லோரும் சொல்வோம். மேடையிலிருந்து, "அங்க என்னங்க கூட்டம்?" என்று மைக்கிலேயே கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்கம்மா, பாப்பா கொஞ்சம் பயப்படுதுங்க" என்றார் சார்.

"பயமில்லீங்கம்மா!" கோமதி மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னாள். "எனக்கு வண்டி வேணுமுங்க. கீழயே குடுங்க, ஓட்டிப் பாத்து வாங்கிக்கறேன்."

பெரியம்மா எழுந்தார். அவருக்கு முட்டிவலி. காலையில் இரண்டு பேர் தூக்கித்தான் மேடையேற்றியிருந்தார்கள். "நீங்க எதுக்குங்க சிரமப்பட்டுட்டு" என்று சிறப்பு விருந்தினர் தடுத்தார்.

"என்னையும்தான் ரெண்டு பேரு அலாக்காத் தூக்கிட்டு வந்தாங்க. எனக்கும் புடிக்கலீங்க. நான் வாயத் திறக்கல, அந்தப் புள்ள திறந்திருச்சு" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு படியாக இறங்கினார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"இத்தன பாத்தும் புத்தி வரலியா? கேட்டுப்போட்டுப் புடி அம்மணி."

"புடிச்சுக்கட்டுங்களா?" என்று கேட்டேன். "ம், புடி" என்றார்.

வண்டியைக் கீழே கொண்டுவந்தார்கள். கோமதி இரண்டு கையையும் ஊன்றித் தானே அதில் மாறி உட்கார்ந்தாள். சாவியைத் திருகி, நாற்காலி வரிசைகளுக்கு நடுவே விட்டாள் பாருங்கள், போட்டோக்காரர் "இங்க பாரும்மா, இங்க பாரும்மா" என்று பின்னாலேயே ஓடினார். போட்டோவில் முதுகும் பின்சக்கரமும்தான் விழுந்தது. டோனருக்கு அதைத்தான் அனுப்பினார்கள். காலையில் நாங்கள் தூக்கி இறக்கியிருந்த ஒரு அம்மா என்னைக் கூப்பிட்டு, "இப்படிச் சொல்லலாம்னு தெரிஞ்சிருந்தா நானும் சொல்லியிருப்பனே" என்றார்.

மறுநாள் மேனேஜர் சார் என்னைத் திட்டினார். ஆனால் அடுத்த விழாவை ஆபீஸ் வாசலில், மேடையே போடாமல் நடத்தியதும் அவர்தான். கோமதி திங்கட்கிழமையே வேலையில் சேர்ந்துவிட்டாள்.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். நாம் நல்லது செய்கிறோம் என்கிற நினைப்பிலேயே கையை நீட்டிவிடுவோம். முதலில் வாயால் கேளுங்கள்.

ஆபீஸில் யாராவது, இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் கோமதிக்குப் படித்துக் காட்டுங்கள். அவள் சொன்னதை நான் மாற்றி எழுதியிருந்தால் திருத்தட்டும். தன்னைப் பற்றிப் போட வேண்டாம் என்று அவள் சொன்னால், போட வேண்டாம்.