ஞானதாசன் அண்ணாச்சியும் எலியாவின் வருகையும்

துறைமுக வாசலில் பாஸைக் காட்டிக்கொண்டிருந்தபோது ஞானதாசன் அண்ணாச்சியின் மகள் ஜெபாவின் போன் வந்தது. “அக்கா, அப்பா போயிட்டாவளாம். ஆஸ்பத்திரியில இருந்து சொன்னாங்க. நான் இன்னும் கோவில்பட்டியே தாண்டல” என்றாள். நான் அவர் படுக்கையை விட்டு வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து அழுகிற பெண்ணிடம் எதைச் சொல்வது? “பார்த்து வாம்மா” என்று மட்டும் சொன்னேன். சொல்ல வேண்டிய இன்னொன்றைச் சொல்லாமலே போனை வைத்தேன்.

ஞானதாசன் அண்ணாச்சியை உங்களில் பலருக்குத் தெரியும். எங்கள் ஷிப்பிங் ஏஜென்சியில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை தம் புராட்டஸ்டண்ட் கோயிலில் வேதபாடம் வாசிப்பவர். தம்மைவிட இளைய பெண் யாரானாலும் அவருக்கு ‘ஏளா’தான். பிலோமினா என்ற என் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. மகள் ஜெபாவும் ஏளா, நானும் ஏளா.

நான் திரேஸ்புரத்துக் கத்தோலிக்கப் பெண். டிசம்பர் வந்தால் மதியச் சாப்பாட்டு மேசையில் எங்களுக்குள் எலியா சண்டை தொடங்கிவிடும். உயிரோடு வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட எலியா தீர்க்கதரிசி திரும்பி வருவார் என்று பழைய ஏற்பாட்டில் ஒரு வாக்கு இருக்கிறது. அண்ணாச்சிக்கு அது நிறைவேறி முடிந்த விஷயம். “இயேசுவுக்கு முன்னாலயே யோவான் ஸ்நானகன் வந்துட்டாருல்லா, அவருதான் எலியா. ஆளே வரணும்னு இல்ல ஏளா, அதே ஆவியோட ஒருத்தர் வந்தா போதும்” என்பார். எங்கள் வீட்டில் யோவானை அருளப்பர் என்போம். அவர் எலியாவின் ஆவியோடு வந்தார் என்பதும் எங்களுக்கு உண்டு, உலக முடிவில் எலியாவே வருவார் என்ற பழைய நம்பிக்கையும் உண்டு. “ஒங்க ஆளுகளுக்கு எதையும் விட மனசு வராது. ரெண்டையும் வச்சுக்கிடுவிய” என்று புரையேறச் சிரிப்பார்.

ஜெபா வேறொரு சபையில் சேர்ந்து மறுபடி ஞானஸ்நானம் எடுத்தபோதுதான் அந்தச் சிரிப்பு போனது. கடைசி நாட்களில் எலியா தாமே வந்து சாட்சி சொல்வார் என்பது அவள் சபையின் போதனை. கிறிஸ்துமஸ் விருந்தில் பேச்சு தடித்தது. “வந்தவரையே அடையாளம் தெரியாத ஒங்க பாஸ்டருக்கு, வரப்போறவரை மட்டும் தெரிஞ்சிருமோ?” என்று கேட்டுவிட்டார். அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கோயம்புத்தூருக்குப் போனவள்தான். பிறகு வரவே இல்லை.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. “அண்ணாச்சி, எலியா வந்து என்ன செய்வாருன்னு போட்டிருக்கு? அப்பன்மார் மனச பிள்ளைங்க பக்கம் திருப்புவாருன்னுதான? அது யாரா இருந்தா ஒங்களுக்கென்ன?” என்றேன். மறுநாள் வந்து, “மொதல்ல அவ வரட்டும்” என்றார்.

அண்ணாச்சி ஆஸ்பத்திரியில் படுத்து, மருத்துவர் கையை விரித்ததும் ஜெபாவை நான்தான் கூப்பிட்டேன். அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டாள். அவள் வருகிறாள் என்று அவரிடமும் சொன்னேன். தண்ணீர் வாங்கக் கீழே போய்த் திரும்பியபோது, கண்ணாடி இல்லாத கண்களோடு வாசலைப் பார்த்து, “ஏளா, வந்துட்டியா?” என்றார். என்னைத்தான் கேட்கிறார் என்று “வந்துட்டேன்” என்றேன்.

“அப்பா மேல இன்னும் கோவமா?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. “நான் பிலோமினா, அண்ணாச்சி” என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கை அதற்குள் என் கையைத் தேடிப் பிடித்துவிட்டது. “இல்லப்பா” என்றேன்.

“எலியா யாரா இருந்தா நமக்கென்னளா. நீ வந்துட்டல்லா” என்று சொல்லிக் கண் அயர்ந்தார். முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு, அலுவலகத்தில் வேலை இருப்பதாக நர்ஸிடம் சொல்லிவிட்டு வெளியேறினேன். வேலை ஒன்றும் இல்லை. ஜெபாவின் முகத்தில் விழிக்கப் பயந்து ஓடினேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவளே கேட்டாள். “அக்கா, அப்பா என்னைத் தேடுனாவளா?” ஒன்று விடாமல் சொன்னேன். “நீதான் எலியாவான்னு யோவான்கிட்ட கேட்டப்ப, நான் இல்லைன்னுதானக்கா சொன்னாரு. நீங்க ஏன் அப்பாகிட்ட அப்படிச் சொல்லல?” என்றாள்.

அவருக்கு நிம்மதி கிடைக்கட்டும் என்றுதான் செய்தேன். ஆனால் அது அவளுக்காக அவர் வைத்திருந்த நிம்மதி. நடுவில் நின்று நான் வாங்கிக்கொண்டேன்.

கொஞ்சம் கழித்து, “எப்படிக் கூப்பிட்டாவ? அதே மாதிரி ஒரு தடவ சொல்லுங்க” என்றாள். எனக்கு வந்த குரலில் சொன்னேன். “ஏளா, வந்துட்டியா?”

“வந்துட்டேன்ப்பா” என்று சொல்லிவிட்டு அவள் உடைந்து அழுதாள்.

அண்ணாச்சி கடைசியாகச் சொன்னதையெல்லாம் இப்படி அவளிடம் சேர்த்துவிட்டேன். அவர் கையின் பிடி மட்டும் என்னிடம் இருக்கிறது. அதை அவளுக்கு எப்படிக் கொடுப்பேன்?