பெருங்காயம் இல்லாத ரசம்

அப்பா ஏரலில் பிறந்தார். பாளையங்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றார். அவர் பொறுமைசாலி, எல்லோரிடமும் இனிமையாகப் பழகியவர் என்று இந்த நினைவு மலரில் எழுதும்படி உறவினர்களான உங்களில் சிலர் கேட்டீர்கள். அப்பா அப்படியெல்லாம் இல்லை. முட்டாள்தனத்தைக் கண்டால் அவருக்கு ஆகாது. அந்தக் குணம் மகளான எனக்கும் வந்திருக்கிறது.

அம்மாவுக்கு வருடக்கணக்காக வயிற்றுப்போக்கும் ரத்தசோகையும் இருந்தன. எலும்பும் தோலுமாகிப் போனார். கண்ணேறு என்றீர்கள், சாப்பிடச் சோம்பல் என்றீர்கள். கடைசியில், கோதுமை அவர் குடலைக் கெடுக்கிறது, வாழ்நாள் முழுதும் துளியும் சேர்க்கக்கூடாது என்று மருத்துவர் சொன்னார். அம்மாவுக்கு எழுந்து நிற்கவே தெம்பில்லாததால் அப்பா அடுப்பங்கரைக்குள் நுழைந்தார். சப்பாத்தி, ரவை, சேமியா, மைதா எல்லாம் வீட்டைவிட்டுப் போயின. இட்லி, இடியாப்பம், தேங்காய்ப்பால் சொதி, கேப்பைக் களி என்று தினமும் அவரே சமைத்தார். "ஆம்பள கரண்டி பிடிக்கான்" என்று சிரிப்பதற்கென்றே வந்து, சொதியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்கள் கையிலும் இந்த மலர் இருக்கிறது.

ஆனாலும் அம்மா தேறவில்லை. ஒரு நாள் ரசத்துக்குப் பெருங்காயம் எடுத்த அப்பா, டப்பாவைத் திருப்பிப் படித்தார். அதில் கோதுமை மாவு கலந்திருந்தது. "நானேல்லா ஊத்தி ஊத்திக் குடுத்திருக்கேன்" என்று அடுப்பின் முன் நின்று அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அப்போதுதான். அதன் பிறகு எங்கள் ரசத்தில் பூண்டும் சீரகமும் மட்டுமே. அம்மா மெல்ல உடம்பு தேறி, தனியாகப் பஸ் ஏறிக் கடைக்குப் போகும் அளவுக்கு வந்தார்.

இதையெல்லாம் நம்பாத பெரிய அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, ஒருமுறை வந்திருந்தபோது யாருக்கும் தெரியாமல் தோசை மாவில் மைதாவைக் கலந்து சோதித்துப் பார்த்தார். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று.

"கைப்பிடி மைதாதான போட்டேன், இதுக்குப் போயி இம்புட்டு ஆர்ப்பாட்டமா?" என்றார் அத்தை.

"யக்கா, நீ வா, உக்காரு, காப்பி குடி. அடுப்பங்கரைக்குள்ள மட்டும் கால வைக்காத" என்றார் அப்பா.

இருதயம் பழுதாகிப் படுத்திருந்த கடைசி நாட்களிலும் அவருக்கு அதே கவலைதான். "ஏட்டி, அம்மைக்குக் கேன்டீன்ல ஒண்ணும் வாங்கிக் குடுத்திராத" என்றார்.

அப்பாவின் பதினாறாம் நாளன்று, சடங்கு வேலைகளில் நாங்கள் அலைந்துகொண்டிருந்தபோது, அத்தை அடுப்பங்கரையைக் கைப்பற்றினார். சாம்பாரிலும் ரசத்திலும் பெருங்காயம். சேமியா பாயசம். இலைமுன் உட்கார்ந்த அம்மா எதையும் தொடவில்லை. "பாவம், துக்கத்துல ஒரு பருக்கை எறங்க மாட்டேங்கு அவளுக்கு" என்று பந்தியே உச்சுக் கொட்டியது. பாயசம் வாயில் இருக்க, கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களும் உண்டு. அம்மாவுக்குப் பசித்தது. கணவரின் காரியத்தன்று, தன் வீட்டில், அவர் ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்றுவிட்டுப் படுத்தார். அதை நான் மறக்கப்போவதில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அப்பாவை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அழைத்துப் போன மேலப்பாளையத்து ஆட்டோக்காரருக்கு நன்றி. அவர் ஒரு வைத்தியமும் சொல்லாமல் வண்டியை மட்டும் ஓட்டினார். அரிசிப் புட்டு கொண்டுவரும்போதெல்லாம் பாத்திரத்தைத் தனியாகக் கழுவிய பக்கத்து வீட்டு டீச்சருக்கு நன்றி. இந்த முறை கூடத்திலேயே உட்கார்ந்திருக்கச் சம்மதித்த பெரிய அத்தைக்கும் நன்றி.

இன்று முதலாண்டு நினைவுச் சாப்பாடு முழுவதும் அப்பாவின் பாத்திரங்களில் அவர் முறைப்படி நான் சமைத்தது. ரசம் சப்பென்றிருப்பதாகத் தோன்றுபவர்களுக்குத் தெருமுனையில் ஹோட்டல் திறந்திருக்கிறது. வழக்கமாக வந்தவர்களுக்குத்தான் முதல் பந்தி. இன்று முதல் இலை அம்மாவுக்கு. அவர் வயிறு நிறையச் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு உங்களைக் கூப்பிடுகிறோம். அதுவரை இந்த மலரைப் படித்துக்கொண்டிருங்கள்.